பாலித் தீவின் முகமூடிகள்: நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

பாலிக்குப் போய்வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கடற்கரைப் படங்களும் நெல்வயல் படங்களும் நிறையவே பார்த்துவிட்டோம். கோவில் சடங்குகளில் வரும் முகமூடிகளை நேரில் கண்டவர்கள் எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. எந்தப் பக்கத்து ஊர், என்ன சடங்கு, அந்த முகத்தைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கோலாலம்பூர் வாசகி:

கியான்யார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒடாலான் விழாவுக்குப் போயிருந்தோம். பாலி நாள்காட்டிப்படி 210 நாள்களுக்கு ஒருமுறை வரும் கோவில் ஆண்டுவிழா அது. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா எனக்கு இடுப்பில் துணி கட்டிவிட்டு, அதன்மேல் மஞ்சள் கச்சையும் சுற்றி அழைத்துப்போனார்.

உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. உயர்ந்த மேடையில் குரு மணியாட்டி மந்திரம் சொல்கிறார். எதிர்ப்புறம் காமெலான் வெண்கலத் தாளங்கள். பெண்கள் தலையில் படையல் சுமந்து வந்தபடி இருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில், முற்றத்தின் ஓர் ஓரத்தில் திரை கட்டித் தோப்பெங் என்னும் முகமூடி ஆட்டம். ஆடியவர் ஒரே ஒருவர். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். ஒருவரே எல்லா வேடமும் கட்டும் இந்த வகைக்குத் தோப்பெங் பஜேகான் என்று பெயர். கூடையில் துணி சுற்றி வைத்திருந்த முகமூடிகளுக்கு ஊதுபத்தி ஏற்றி, தீர்த்தம் தெளித்து, சற்று நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அதன் பிறகே முதல் முகமூடியை வெளியே எடுத்தார்.

முதலில் முரட்டு மந்திரி வந்தார், அடுத்து கிழவர். நான் திரைக்குப் பக்கவாட்டில் உட்கார இடம் கிடைத்ததால் அருகிலிருந்து பார்க்க முடிந்தது. மந்திரியாகத் தரை அதிர நின்ற அதே மனிதர், நரைமுடி முகத்தை மாட்டியதும் தோள் ஒடுங்கிப்போனார். விரல்கள் நடுங்கின. இரண்டடி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்கினார். மரத்தில் செதுக்கிய முகம் அசையாது. ஆனாலும் அவர் தலையை மெல்லச் சாய்த்தபோது, அந்தக் கிழவர் தம் இளமையை நினைத்து வருந்துகிறார் என்றே எனக்குப் பட்டது.

ராஜாவின் முகம் வெண்மை. மெல்லிய மீசை, பாதி திறந்த கண்கள். அந்த முழு முகமூடிக்குள் இருப்பவர் பேசுவதில்லை. கதையைச் சொல்வதும் ஊராரைச் சிரிக்கவைப்பதும் தாடை திறந்த அரை முகமூடிகளின் வேலை. பழைய ஜாவானியக் காவி மொழியில் ஒரு வரி, உடனே பாலி மொழியில் விளக்கம் என்று கதை நகர்ந்தது.

கடைசியாக வந்தவர் சிதகார்யா. நான் எழுத வந்ததே அவரைப் பற்றித்தான். வெள்ளை முகம், முன்னே துருத்திய பற்கள், கோடு போன்ற கண்கள், கலைந்த முடி. கையிலிருந்த வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்தபடி, மஞ்சள் அரிசியையும் நடுவில் துளையுள்ள பழைய செப்புக் காசுகளையும் நான்கு திசையிலும் இறைத்தார். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஒரு சிறுவனை எட்டிப் பிடித்துத் தூக்கி, கையில் காசு கொடுத்து விட்டார்.

வீட்டு அம்மா சொன்ன கதை இது. 16ஆம் நூற்றாண்டில் பாலியின் கெல்கெல்லை ஆண்ட ராஜா டாலெம் வாத்துரெங்கோங், தீவின் தலைமைக் கோவிலான பெசாகியில் பெருஞ்சடங்கு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். ஜாவாவின் கெலிங்கிலிருந்து ஒரு பிராமணர் நடந்தே வந்து, அழுக்குத் துணியோடு வாசலில் நின்று, ராஜா என் சகோதரர் என்றார். விரட்டிவிட்டார்கள். அவர் சாபமிட்டுப் போனார். பயிரை எலியும் பூச்சியும் தின்றன, ஊரில் நோய் பரவியது, சடங்கு நின்றுபோனது. ராஜா ஆளனுப்பி அவரை அழைத்து வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் சாபத்தை நீக்கிய பிறகே சடங்கு நிறைவேறியது. அன்றிலிருந்து எந்தப் பெரிய சடங்கிலும் அவருடைய முகம் வந்து ஆசி கொடுக்க வேண்டும். டென்பசாரின் தென்பகுதியில் சிதகார்யா என்ற ஊரில் அவர் பெயரால் கோவில் இருக்கிறது. பெரிய சடங்கு நடத்துபவர்கள் இன்றும் அங்கிருந்து தீர்த்தம் வாங்கி வருகிறார்கள்.

அவமானப்படுத்தப்பட்டவரின் முகத்தைத் துருத்திய பற்களோடு அப்படியே செதுக்கி, அழகான ராஜா முகத்துக்குப் பிறகு வரச்செய்து, சடங்கை முடித்துவைக்கும் உரிமையையும் அவருக்கே கொடுத்திருக்கிறார்கள். ஒரு சமூகம் தன் பழைய குற்றத்தை இவ்வளவு நேர்மையாக நினைவில் வைத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

திருச்சி, மரவேலை செய்பவர்:

எனக்கு ஆட்டம் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை. மரத்தைத் தேடித்தான் போனேன். உபுதுக்குத் தெற்கே மாஸ் என்ற ஊர் முழுக்கச் செதுக்கு வேலை. சிங்கபாடு என்ற ஊரும் முகமூடிக்குப் பெயர்பெற்றது. ஒரு பெரியவர் தம் பட்டறையில் உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார்.

சடங்கு முகமூடிக்குப் புலே மரம்தான். இலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது: நம் ஏழிலைப்பாலை. எடை குறைவு, வெளிர் நிறம், உளி ஓடுவதற்கு இதமான மரம். கேரளத்திலும் குமரிப் பக்கத்திலும் இந்த மரத்தில் யட்சி குடியிருப்பதாகச் சொல்வார்கள். பாலியிலும் புலே சாதாரண மரமல்ல. கோவிலருகிலும் மயானத்தருகிலும் நிற்பது. கோவிலுக்கான முகமூடி என்றால் மரத்தையே வெட்டிச் சாய்ப்பதில்லை. நல்ல நாள் பார்த்து, படையல் வைத்து, மரத்திடம் அனுமதி கேட்டு, தேவையான துண்டை மட்டும் எடுக்கிறார்கள். அடிமரத்தில் புடைப்பு கண்டால் மரம் சூல்கொண்டிருக்கிறது என்று சொல்லி, அந்தப் புடைப்பை எடுப்பார்களாம். மரம் தொடர்ந்து வாழும்.

பெரியவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கால்களுக்கு நடுவில் கட்டையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். பட்டறைப் பிடிப்புக் கருவி எதுவும் கிடையாது. முதலில் சிறு வாய்ச்சியால் முகத்தின் மேடு பள்ளங்களை எடுக்கிறார், பிறகு உளி, கடைசியில் வளைந்த கத்தி. அடிக்கடி முகமூடியைத் திருப்பி உட்புறத்தையும் செதுக்குகிறார். ஆடுபவரின் நெற்றியிலும் கன்னத்திலும் உறுத்தாமல் உட்கார வேண்டும் என்பதில் முன்பக்கத்துக்கு நிகரான கவனம். கண்ணுக்கான கீறல் மிகக் குறுகியது. ஆடுபவருக்குத் தம் பாதத்துக்கு முன்னால் கொஞ்சம் தரைதான் தெரியுமாம்.

வண்ணம் தனி உலகம். பழைய முறையில் வெள்ளைக்கு எலும்பைச் சுட்டு அரைக்கிறார்கள், கறுப்புக்கு விளக்குக் கரி, பழுப்புக்குக் காவிக்கல், சிவப்புக்குச் சீன இங்குலிகம். மீன் பசையில் குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடி பூசுவது. இப்படிப் பல பத்துப் பூச்சுகள். அதனால்தான் பழைய முகமூடிகளில் நிறம் மேலே ஒட்டிய மாதிரி இல்லாமல் தோலுக்குள்ளிருந்து வருவது போலத் தெரிகிறது. கடைகளில் தொங்குபவை அக்ரிலிக் பூச்சு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு கடைப் பொருளின் பளபளப்பு என் கண்ணுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

சேலம் வாசகர்:

ஒரு சந்தேகம். செதுக்கி முடித்ததும் அது தெய்வ முகமாகிவிடுமா? சுற்றுலாப் பயணிகளுக்குத் தினமும் ஆடிக்காட்டுகிறார்களே, அதுவும் இதே முகமூடிதானா?

டென்பசாரில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்:

இரண்டும் வேறு. பத்துபுலான் ஊரில் காலை வேளையில் பயணிகளுக்கு நடக்கும் பாரோங் என்னும் காவல் மிருக ஆட்டத்துக்கென்றே தனி முகமூடிகள் இருக்கின்றன. எது கோவிலுக்கு, எது வேடிக்கைக்கு என்ற கேள்வி பாலிக்காரர்களையே வாட்டியிருக்கிறது. 1971இல் அறிஞர்களும் கலைஞர்களும் கூடி ஆட்டங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: கோவிலின் உள்முற்றத்தில் வழிபாடாகவே ஆடுவது, சடங்கோடு சேர்ந்து ஆடுவது, மக்களின் மகிழ்ச்சிக்கு ஆடுவது. 2015இல் யுனெஸ்கோ பாலியின் நடனங்களைப் பட்டியலில் சேர்த்தபோதும் இந்த மூன்று வகையையே பின்பற்றியது. மேலே வாசகி சொன்ன சிதகார்யா நடு வகையைச் சேர்ந்தது.

செதுக்கியதும் முகம் தெய்வமாகிவிடாது. முதலில் கைபட்ட தீட்டு நீங்கச் சுத்திகரிப்பு. பிறகு பசுபதிச் சடங்கு. சக்தி வந்து இறங்கும்படி வேண்டுவது அப்போதுதான். பாரோங், அதை எதிர்க்கும் மந்திரக்காரி ரங்தா போன்ற பெரிய முகங்களுக்கு அதன் பின்னும் ஒன்று உண்டு: நள்ளிரவில் மயானத்துக்குக் கொண்டுபோய், சக்தி இறங்கியிருக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பது. அங்கே வெளியாள்களுக்கு இடமில்லை. நான் போகவுமில்லை, கேட்கவுமில்லை. இதெல்லாம் முடிந்த பிறகு அந்த முகத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ராத்து என்ற மரியாதைச் சொல்லோடுதான் பேச்சு. கோவிலில் துணியால் மூடி வைத்திருப்பார்கள். தும்பெக் வாயாங் நாளில் முகமூடிகளுக்கும் நிழற்பாவைகளுக்கும் தனிப் படையல் உண்டு.

என்னோடு வேலை செய்த நண்பரின் ஊரில், மயானத்தை ஒட்டிய பூரா டாலெம் கோவிலில் சாலொனாராங் ஆட்டம் பார்த்தேன். இரவு வெகுநேரம் கழித்துத்தான் ரங்தா வருகிறாள். அதுவரை கதைபேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, நெருப்புப் பிழம்புகள் ஒட்டிய நீண்ட நாக்கு, கோரைப்பல், நீண்ட நகங்கள், கையில் வெள்ளைத் துணி. எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி பயப்படவில்லை, கைகூப்பினார். அது என்னை உலுக்கிவிட்டது. அதுவரை நான் அவளை அரக்கி என்றுதான் நினைத்திருந்தேன்.

கதை ஜாவாவில் ஐர்லங்கா மன்னர் ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் நடப்பது. கிரா என்ற ஊரின் கைம்பெண் சாலொனாராங்; ஆட்டத்தில் ரங்தாவாக வருவது அவள்தான். மந்திரக்காரி என்று அஞ்சி அவள் மகளை மணக்க எவரும் முன்வரவில்லை. அந்த ஆத்திரத்தில் துர்க்கையிடம் வரம் வாங்கி நாட்டில் கொள்ளைநோயைப் பரப்புகிறாள். பாலியில் இந்தக் கதையை ஐர்லங்காவின் தாய் மகேந்திரதத்தாவோடு சேர்த்தும் சொல்கிறார்கள். பிளாபாத்து அருகே குத்ரிக் குன்றின் மேல் எருமையை மிதித்து நிற்கும் துர்க்கைச் சிலை ஒன்று இருக்கிறது; அது அவருடைய உருவம்தான் என்பது அங்குள்ள நம்பிக்கை. துர்க்கையின் முன் நின்று வளர்ந்த நமக்கு அந்தச் சிலையின் முன் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டத்தில் பாரோங் எதிர்த்து வருகிறது. கிரிஸ் கத்தி ஏந்திய ஆண்கள் அருள் வந்து தங்கள் மார்பிலேயே குத்திக்கொள்கிறார்கள், கத்தி இறங்குவதில்லை. பெமாங்கு என்னும் பூசாரி பாரோங்கின் தாடி நனைந்த தீர்த்தத்தைத் தெளித்து அவர்களைத் தெளியவைக்கிறார். அந்தத் தாடி மனித முடி. பாரோங்கின் சக்தி முழுதும் அதில் இருப்பதாக நம்பிக்கை. யார் வென்றது என்று நண்பரிடம் கேட்டேன். யாரும் வெல்வதில்லை, வெல்லவும் கூடாது என்றார். விடிவதற்குள் பாரோங்கும் ரங்தாவும் கோவிலுக்குத் திரும்பி, படையலைச் சமமாகப் பெற்றுக்கொண்டன. ஊருக்கு நோய் வந்தால் அந்த ரங்தாவிடமே போய் வேண்டுகிறார்கள். நோயைக் கொடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் அதைத் திருப்பி எடுக்கவும் தெரியும். மாரியம்மனைக் கும்பிடுகிற எவருக்கும் இது புரியும்.

யாழ்ப்பாண வாசகர்:

வடபாலியின் தெஜாகுலாவில் வாயாங் வோங் பார்த்தேன். இராமாயணக் கதை, பெரும்பாலோருக்கு முகமூடி. அனுமன், சுக்ரீவன் மட்டுமல்லாமல் ஒவ்வொரு வானரத்துக்கும் தனித்தனி முகம், தனித்தனிக் குணம். இந்த முகமூடிகளும் கோவிலுக்குச் சொந்தம். அவற்றுக்குப் பூசை செய்த பிறகே ஆட்டம். தகப்பன் ஆடிய வேடத்தை மகன் ஆடுவது அங்கே வழக்கம். மொழி ஒரு சொல்லும் விளங்காமல் கதை முழுதும் விளங்கிய இரவு அது.

முகமூடி ஆட்டம் பாலியில் எவ்வளவு பழையது என்று கேட்பவர்களுக்கு: 896ஆம் ஆண்டைச் சேர்ந்த பெபெத்தின் செப்பேட்டிலேயே முகமூடிக் கலைஞர்கள் குறிப்பிடப்படுகிறார்கள். ஜாவாவின் மஜாபாகித் பேரரசுக் காலத்துக்கு வெகு முன்பு.

பெங்களூரு வாசகி:

கலுங்கான் பண்டிகை முடிந்து குனிங்கான் பண்டிகை வருவதற்குள் உள்ள பத்து நாளில் போனால், பாரோங்கைத் தேடிப் போக வேண்டாம். அது வாசலுக்கு வரும். நாங்கள் பார்த்தது பன்றி முகப் பாரோங். ஆடியவர்களும் தாளம் தட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். வீடு வீடாக நின்று ஆடினார்கள், வீட்டுக்காரர்கள் காணிக்கை கொடுத்தார்கள். தெருவில் உள்ள கெட்டதை அது துடைத்துக்கொண்டு போகிறது என்றார் கடைக்காரர்.

சேலம் வாசகர்:

நன்றி. என் வரவேற்பறையில் கடையில் வாங்கிய ரங்தா முகம் மாட்டியிருக்கிறது. வைத்திருக்கலாமா?

டென்பசாரில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்:

தாராளமாக. சடங்கு செய்யாத வரை அது மரவேலை. செதுக்கியவருக்கு அது சோறு போட்டிருக்கிறது. ஆனால் யாராவது பழைய துணியில் சுற்றிய முகத்தை ரகசியமாகக் காட்டி, கோவிலில் இருந்தது என்று விலை பேசினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். கோவில் பொருள் திருட்டு அங்கே தீராத வேதனை. ஒரு முகம் போனால் அந்த ஊர் தன் காவலை இழந்ததாகவே நினைக்கிறது.

போகிறவர்களுக்கு: இடுப்புத் துணியும் கச்சையும் கட்டாயம். பூசாரியைவிட உயரமான இடத்தில் நிற்க வேண்டாம். கும்பிடுபவர்களுக்குக் குறுக்கே நடக்காதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். யாருக்காவது அருள் வந்தால் பின்னால் நகர்ந்து இடம் விடுங்கள். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் கோவிலுக்குள் போவதில்லை என்பது அங்கே ஊர் வழக்கம். ஒடாலான் தேதிகளுக்கு நம் நாள்காட்டி உதவாது, தங்குமிடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே உங்களுக்கும் சேர்த்துப் படையல் கட்டி அழைத்துப்போய்விடுவார்கள்.