ராயபுரம் வீட்டுக் குழு: பாப்பா க்ரூவாகப் போகலாமா?

வெள்ளிக்கிழமை, இரவு 8:40

அண்ணி: பயிற்சியாளர் சாயங்காலம் கூப்பிட்டார். பாப்பாவுக்கு வயதும் உயரமும் கூடிவிட்டதாம், இனி ஆப்டிமிஸ்ட் என்ற ஒரு ஆள் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு ஒத்துவராதாம். இரண்டு பேர் ஓட்டும் 29-ஈஆருக்கு மாற்றலாம் என்கிறார். ஆனால் சுக்கான் பிடிக்கப்போவது இன்னொரு பெண். பாப்பா க்ரூ, அதாவது கூட இருந்து பாயைக் கவனிக்கும் ஆள்.

அண்ணன்: எனக்கு அதுதான் உறுத்துகிறது. இத்தனை வருஷம் தனியாக ஓட்டியவளை இப்போது உதவியாளாக உட்கார வைப்பதா?

பெரியப்பா: சுக்கான் பிடிப்பவன்தான் தண்டல், படகுக்குத் தலைவன். மற்றவர்கள் சொன்னதைச் செய்கிற ஆட்கள். காசிமேட்டில் போய் யாரை வேண்டுமானாலும் கேள்.

பாப்பா: அத்தை, நீங்கள் சொல்லுங்கள். நீங்களும் க்ரூதானே?

நான்: இப்போதுதான் ரயில் ஏறுகிறேன் கண்ணு. வீட்டுக்குப் போய் விவரமாக எழுதுகிறேன். அண்ணா, அதுவரை பயிற்சியாளருக்கு ஒரு பதிலும் அனுப்பிவிடாதே.

இரவு 9:50

நான்: சரி, வந்துவிட்டேன். முதலில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான்: மால்கம் பேஜ், ஆஸ்திரேலியாக்காரர். 470 என்ற இரண்டு பேர் படகில் க்ரூ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நேதன் வில்மாட் சுக்கான் பிடித்தார், இவர் க்ரூ, தங்கம் வென்றார்கள். அதன் பிறகு மேத்யூ பெல்ச்சருடன் சேர்ந்தார். 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று வருஷம் உலகச் சாம்பியன். 2012 லண்டனில் மறுபடி ஒலிம்பிக் தங்கம். சுக்கான் பிடித்தவர் வேறு, க்ரூ அதே ஆள். அந்த லண்டன் நிறைவு விழாவில் ஆஸ்திரேலியக் கொடியை ஏந்தி வந்தவரும் இவர்தான். உதவிக்கு உட்காரும் ஆளுக்கு இதெல்லாம் கிடைக்குமா அண்ணா?

அண்ணன்: பதக்கம் இருவருக்கும் தருவார்களா?

நான்: இருவருக்கும் ஆளுக்கொரு பதக்கம், ஒரே மாதிரி. உலகச் சாம்பியன் பட்டியலிலும் இரண்டு பெயரும் இருக்கும். சில செய்திகளில் சுக்கான் பிடித்தவர் பெயரை மட்டும் போடுவார்கள், அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். ஏதோ கம்பியில் தொங்க வேண்டுமாமே. பாப்பாவா தொங்கப்போகிறாள்?

நான்: ஆமாம் அம்மா, அதற்கு ட்ரப்பீஸ் என்று பெயர். இடுப்பில் ஹார்னஸ் என்று அகலமான பட்டை கட்டியிருப்பாள், அதன் முன்பக்கம் ஒரு கொக்கி. பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து ஒரு கம்பி இறங்கி வரும், அதன் நுனி வளையத்தைக் கொக்கியில் மாட்டிக்கொள்வாள். பிறகு இரண்டு பாதத்தையும் படகு விளிம்பில் ஊன்றி, உடம்பை வெளியே நீட்டிச் சாய்வாள். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஓடும். காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒரு பக்கம் சாயப் பார்க்கும், அதை இவளுடைய எடைதான் நிமிர்த்திப் பிடிக்கிறது. உயரமானவர் வெளியே சாய்ந்தால் எடை இன்னும் தள்ளி விழும், பிடிப்பும் அதிகம். பயிற்சியாளர் பாப்பாவைக் கேட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

நான்: சும்மா தொங்கினால் போதாது. காற்று ஏறும் அந்த நொடியே காலை நீட்ட வேண்டும், இறங்கும் நொடியே முழங்காலை மடக்கி உள்ளே வர வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் படகு படுத்துவிடும், அல்லது வேகம் செத்துவிடும்.

பெரியப்பா: பாய்க்கயிறு யார் கையில்?

நான்: இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன் பெரியப்பா. 470-இல் பெரிய பாயின் கயிறு சுக்கான் பிடிப்பவர் கையில், முன்பாய் க்ரூ கையில். ஒலிம்பிக்கில் ஓடும் 49-ஈஆர் என்ற இரண்டு பேர் படகும் நம் 29-ஈஆரும் அப்படி இல்லை. காற்றை எதிர்த்து ஏறும்போது பெரிய பாயின் கயிறு க்ரூ கையில்தான் இருக்கும். கம்பியில் நின்றபடியே இழுத்தும் விட்டும் கொண்டிருப்பார். காற்றோடு திரும்பி ஓடும்போது கெனக்கர் என்ற பெரிய பலூன் பாயை ஏற்றுவதும் க்ரூ, அதன் கயிற்றைப் பிடிப்பதும் க்ரூ. சுக்கான்காரர் திசையையும் அலையையும் மற்ற படகுகளையும் பார்த்துக்கொள்வார்.

பெரியப்பா: கயிறு அவள் கையிலா? அப்படியானால் வேகம் அவள் கையில். காற்று தெரியாதவனிடம் யாரும் பாய்க்கயிற்றைக் கொடுக்க மாட்டான். நான் முன்னே சொன்னதை விட்டுவிடு.

அண்ணன்: பெரியப்பாவே இறங்கி வந்துவிட்டார்!

மாமா: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். உலகச் சாம்பியன்ஷிப் என்கிறீர்களே, ஒரே ஓட்டமா?

நான்: இல்லை மாமா, பல நாள், பல பந்தயம். முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவது 2, பத்தாவது 10. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர்தான் சாம்பியன். மோசமாகப் போன ஒரு பந்தயத்தைக் கழித்துவிடலாம். படகுகள் நிறைய என்றால் முதல் சில நாள் பிரித்து ஓட்டி, முன்னால் இருப்பவர்களைத் தங்கப் பிரிவில் போடுவார்கள். ஒலிம்பிக் படகுகளில் 2024 பாரிஸ் வரை பெரும்பாலும் கடைசியாக ஒரு பதக்கப் பந்தயம் வைத்தார்கள். முதல் 10 படகு மட்டும், புள்ளி இரட்டிப்பு, அதைக் கழிக்கவும் முடியாது.

மாமா: அப்படியானால் ஒரு நாள் முதலிடம், மறுநாள் இருபதாமிடம் என்றால் தேறாது.

நான்: தேறவே தேறாது. ஜோடி என்பது அங்கேதான் தெரியும். நியூசிலாந்தின் பீட்டர் பர்லிங், பிளேர் டியூக் இருவரும் 49-ஈஆரில் 6 முறை உலகச் சாம்பியன்: 2013 முதல் 2016 வரை விடாமல் 4, அப்புறம் 2019, 2020. டியூக் க்ரூ. 2012 லண்டனில் வெள்ளியோடு திரும்பினார்கள். ஒருவரை ஒருவர் குறை சொல்லிப் பிரிந்துபோகவில்லை. 2016 ரியோவில் தங்கம்.

நான்: அந்த ஜோடியே டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை விட்டதையும் சொல்ல வேண்டும். எனக்கு மனப்பாடமான பந்தயம் அது. கடைசிப் பந்தயத்தில் பிரிட்டனின் டிலன் ஃப்ளெச்சர், ஸ்டூவர்ட் பித்தெல் இருவரும் எல்லைக் கோட்டில் ஜெர்மனியை மயிரிழையில் முந்தினார்கள். கூட்டிப் பார்த்தால் பிரிட்டனும் நியூசிலாந்தும் சமப் புள்ளி! சமமானால் பதக்கப் பந்தயத்தில் யார் முன்னால் என்று பார்ப்பார்கள், தங்கம் பிரிட்டனுக்குப் போனது. அந்த மயிரிழையை ஒருவர் மட்டும் சம்பாதித்திருக்க முடியாது. ஒருவர் படகை நேராக விட்டார், இன்னொருவர் பாயில் காற்றை விடாமல் வைத்திருந்தார்.

அக்கா (தாம்பரம்): எல்லாம் வெளிநாட்டுக் கதையாகவே இருக்கிறதே. நம் பிள்ளைகள்?

நான்: நிறைய அக்கா. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வர்ஷா கௌதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் ஜோடிக்கு வெண்கலம். எந்தப் படகு தெரியுமா? இதே 29-ஈஆர்! 2018-இல் வர்ஷா, ஸ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து பெண்கள் ஓட்டும் 49-ஈஆர் எஃப்எக்ஸில் வெள்ளி வென்றார். அதே போட்டியில் ஆண்கள் 49-ஈஆரில் நம் சென்னையின் கணபதி, வருண் தக்கர் வெண்கலம். அவர்கள்தான் 2021-இல் ஓமானில் தகுதி பெற்று டோக்கியோ போனார்கள்.

பெரியப்பா: 1982 ஏசியாடை விட்டுவிட்டாயே. விளையாட்டு டில்லியில், பாய்மரப் பந்தயம் மட்டும் பம்பாயில். தாராபூர், கரஞ்சியா என்று இருவர் ஃபயர்பால் படகில் தங்கம் அடித்தார்கள். அதுவும் இரண்டு பேர் படகுதான்.

நான்: சரியாகச் சொன்னீர்கள் பெரியப்பா!

அண்ணி: படகு கவிழ்ந்தால் என்ன செய்வார்கள்? அதை யாரும் சொல்லவில்லை.

நான்: கவிழும் அண்ணி, அடிக்கடி கவிழும், அதை மறைக்க மாட்டேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் இறங்க விட மாட்டார்கள், பயிற்சியின்போது மோட்டார் படகு கூடவே வரும். கவிழ்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கம்பிக் கொக்கியைக் கழற்றுவது. அடுத்தது கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. பதில் வந்த பிறகுதான் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சென்டர்போர்டில் ஏறி நின்று படகை நிமிர்த்த வேண்டும். இதைப் பாப்பா கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். அந்தப் பயிற்சியைப் பயிற்சியாளர் முதல் வாரமே கொடுக்கிறாரா என்று நீங்கள் கட்டாயம் கேளுங்கள். அவர் மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

அண்ணி: இதைக் கேட்கிறேன். இப்போது கொஞ்சம் தெளிவாக இருக்கிறது.

அண்ணன்: பாப்பா, நீ என்ன சொல்கிறாய்? எல்லோரும் பேசிவிட்டோம், உன்னைக் கேட்கவே இல்லை.

பாப்பா: எனக்குப் போக வேண்டும் அப்பா. அந்த அக்காவுடன் போன வாரம் ஒருமுறை சும்மா போய்ப் பார்த்தேன். நான் "காற்று வருகிறது" என்று சொன்னதும் அவர் திரும்பிப் பார்க்காமலேயே படகைத் தயார் செய்தார். தனியாக ஓட்டும்போது எனக்கு அது கிடைத்ததே இல்லை.

நான்: பாப்பா, அந்த ஒரு பழக்கத்தை விடாதே. காற்று பலமாக வரும் இடத்தில் தண்ணீர் கருத்துத் தெரியும், வெளியே நிற்பவர் கண்ணுக்குத்தான் அது முதலில் படும். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பலமாக என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இரு. மத்தியானம் கடல்காற்று ஏறும்போது அலைத்தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலை குறுக்கே வரும், அதையும் சொல். தப்பு நடந்தால் கரைக்கு வந்த பிறகு பேசுங்கள், படகில் வேண்டாம்.

அண்ணன்: சரி. காலையில் பயிற்சியாளரிடம் பேசுகிறேன். அண்ணி கேட்டதையும் கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்கிறேன்.

அம்மா: அண்ணி இல்லையடா, உன் பெண்டாட்டி.

அண்ணன்: தங்கச்சி எழுதியதைப் படித்துப் படித்து அப்படியே வந்துவிட்டது அம்மா.

பாப்பா: அத்தை, உங்கள் பழைய ஹார்னஸ் எனக்குத் தருவீர்களா?

நான்: அது உனக்குப் பெரிது. இடுப்பில் இறுக்கமாக உட்காராவிட்டால் முதுகு போய்விடும், புதிதாகவே வாங்கிக்கொள். கையுறை மட்டும் என்னுடையதை எடுத்துக்கொள், அளவு சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருகிறேன்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பாப்பா: 6 மணிக்கு பெரிய தாத்தா. தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நிழலே கிடையாது.