ஃப்ளூக்ஸெடினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு ஆயவாஸ்கா குடிக்கலாமா?

கரிசல்குருவி:
பெருவில் இக்கிட்டோஸ் பக்கம் ஒரு முகாமில் ஆயவாஸ்கா (ஒரு கொடியையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சும், மாயக்காட்சி தரும் கஷாயம்) குடிக்கப் பதிவு செய்திருக்கிறேன். மனச்சோர்வுக்கு ஃப்ளூக்ஸெடின் எடுக்கிறேன். ஒரு வாரம் முன்னால் நிறுத்தினால் போதும் என்று முகாமில் எழுதியிருக்கிறார்கள். சரிதானா?

வனவாசி:
தாராளமாகப் போய் வாருங்கள். அமேசான் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிப்பது, 2008இல் பெரு அரசே அதைப் பண்பாட்டு மரபு என்று அறிவித்துவிட்டது. மனச்சோர்வு மாத்திரையோடு சேரக்கூடாது என்ற பயமெல்லாம் ஃபினெல்சின் மாதிரிப் பழைய மனச்சோர்வு மாத்திரைகளால் வந்தது. அவை மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியை ஒரேயடியாக முடக்கிவிடும், புது நொதி ஊற இரண்டு வாரம் பிடிக்கும். ஆயவாஸ்காக் கொடியில் இருக்கும் ஹார்மினும் அதே நொதியைத்தான் பிடிக்கும், ஆனால் சில மணி நேரத்தில் விட்டுவிடும்.

மருந்துக்கடை மீனா:
அண்ணா, ஹார்மின் சீக்கிரம் விட்டுவிடும் என்பது உண்மைதான், ஆனால் ஆபத்தே அந்தச் சில மணி நேரத்தில்தானே? மாயக்காட்சி தருவது சக்ருனா இலையில் உள்ள டிஎம்டி என்ற பொருள், அதை வெறுமனே விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள இந்த நொதியே சிதைத்துவிடும், அது நடக்காமல் தடுக்கத்தான் கொடியைச் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அதே நொதிதான் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனினையும் சிதைக்கிறது. ஃப்ளூக்ஸெடினோ, வெளியே வந்த செரோடோனினை நரம்பு திரும்ப இழுத்துக்கொள்ள விடாது. இரண்டு பக்கமும் அடைத்தால் எங்கே போகும்? ஃப்ளூக்ஸெடின் உடம்பில் அதே வேலையைச் செய்யும் நார்ஃப்ளூக்ஸெடினாக மாறுகிறது, அதில் பாதி குறையவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஃப்ளூக்ஸெடினை நிறுத்தியபின் எம்ஏஓ (மோனோஅமைன் ஆக்சிடேஸ்) தடுப்பான் தொடங்க 5 வாரம் இடைவெளி கேட்பது இதனால்தான். போதாததற்கு, ஹார்மினைக் கல்லீரலில் கழிக்கும் நொதிகளில் ஒன்றான சிஒய்பி2டி6ஐயும் ஃப்ளூக்ஸெடின் தடுக்கும், அதனால் உங்கள் 'சில மணி நேரம்' இன்னும் நீளலாம்.

வனவாசி:
அப்படியென்றால் இக்கிட்டோஸில் தினம் ஒரு பிணம் விழ வேண்டுமே. மாத்திரையை மறைத்துவிட்டுக் குடிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், வாந்தி எடுத்துவிட்டு எழுந்து போகிறார்கள்.

மருந்துக்கடை மீனா:
அந்த வாந்திதான் எனக்குக் கவலை. வாந்தி, பேதி, வியர்வை, நடுக்கம் எல்லாவற்றையும் அங்கே 'உடம்பு சுத்தமாகிறது' என்று எடுத்துக்கொள்வார்கள். செரோடோனின் மிகும்போதும் இவையே வரலாம். பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கினால் கணுக்கால் தானாகத் துடித்துக்கொண்டே இருப்பது, கால் விறைப்பது, காய்ச்சல் ஏறுவது, இவைதான் பிரித்துக் காட்டும். நடுராத்திரி இருட்டில் யார் கணுக்காலைப் பிடித்துப் பார்ப்பார்கள்? பலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்கும் ஆகாது என்பதற்குச் சாட்சி இல்லை. 1984இல் நியூயார்க்கில் ஃபினெல்சின் எடுத்துவந்த லிபி சயன் என்ற 18 வயதுப் பெண்ணுக்குப் செரோடோனினைக் கூட்டும் பெதிடின் என்ற வலிமருந்தை ஊசியாகப் போட்டார்கள், சில மணி நேரத்தில் இறந்துபோனார். அவர் இருந்தது மருத்துவமனையில்.

சாரல்:
குருவி, ஃப்ளூக்ஸெடினை மட்டும் பார்க்காதீர்கள். வலிக்குத் தரும் டிரமடால், இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் லினெசோலிட், எல்லாமே இதே வகை ஆபத்துதான். அப்புறம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், சோர்வு திரும்பினால் அந்த ஊரில் தனியாக மாட்டிக்கொள்வீர்கள். எழுதித் தந்த டாக்டரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும்.

வனவாசி:
சரி, 5 வாரக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா முகாமையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், மருந்துப் பட்டியல் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பும் இடங்களும் இருக்கின்றன.

மருந்துக்கடை மீனா:
இருக்கட்டும் அண்ணா. அப்படிப்பட்ட இடத்தில் ஃப்ளூக்ஸெடினுக்கு ஒரு வாரம் போதும் என்று எழுதித் தர மாட்டார்கள்.