பத்திக்குப் பத்தி கருத்து எழுத வசதி செய்தும் யாரும் எழுதுவதில்லை, என்ன கோளாறு?

கோத்தகிரி_வாசிப்பு:
வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கென்று ஒரு சின்னக் கதைத் தளம் நடத்துகிறோம். எழுதுபவர்கள் எல்லாரும் மலைக்காரர்கள்தான்: ஆசிரியர்கள், தோட்ட வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். போன வருடம் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு குறி வைத்தோம். அதைத் தொட்டால் அந்தப் பத்தியைப் பற்றி மட்டும் வாசகர் எழுதலாம்.

கதைகளைக் கடைசி வரை படிக்கிறார்கள், அது கணக்கில் தெரிகிறது. ஆனால் கருத்துப் பகுதி காலி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் தன் அம்மாவின் கொழுந்துக் கூடையைப் பற்றி எழுதிய கதை வந்த வாரம், பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். தளத்தில் ஒரு வரி இல்லை. அந்தப் பெண் தினமும் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்கும் பிடிக்கலையா அக்கா?" என்று கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை. போனிலும் கணினியிலும் சோதித்தேன், வசதி வேலை செய்கிறது. வேறு எங்கே பார்ப்பது?

குன்னூர்_கணினி:
அக்கா, சில விவரம் வேண்டும். கருத்து எழுத லாகின் கேட்கிறதா? எழுதியது உடனே தெரியுமா, நீங்கள் பார்த்து அனுமதிக்க வேண்டுமா? கதை எழுதியவருக்குத் தகவல் போகிறதா? போனில் அந்தக் குறி சும்மாவே தெரிகிறதா, பத்தியைத் தொட்டால்தான் வருகிறதா?

கோத்தகிரி_வாசிப்பு:
லாகின் உண்டு, மின்னஞ்சல் வழியாக. நான் ராத்திரி பார்த்து அனுமதிப்பேன். எழுதியவருக்குத் தகவல் போகாது. போனில் பத்தியைத் தொட்டால்தான் குறி வரும்.

குன்னூர்_கணினி:
அப்போ வசதி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்து தொட்டவர் நிலைமையை ஒரு தடவை புது ஆள் மாதிரி லாகின் இல்லாமல் செய்து பாருங்கள். நான் இப்போது உங்கள் தளத்தில் பார்த்தேன். கீபோர்டு திறந்ததும் பாதித் திரை மறைந்து, எந்தப் பத்தியைப் பற்றி எழுத வந்தேனோ அதுவே கண்ணில் படவில்லை. எழுதி முடித்து அனுப்பினால் லாகின் பக்கம் போகிறது. திரும்பி வந்தால் கதையின் தலைப்பில் நிற்கிறேன், தட்டியது எல்லாம் போச்சு. போனில் தமிழ் தட்டுவதே பலருக்குச் சிரமம். மழைக்காலத்தில் நம் பக்கம் சிக்னல் எப்படி என்று சொல்லவே வேண்டாம். யாரும் இரண்டாவது தடவை தட்டமாட்டார்கள்.

லாகினை எடுத்துவிட்டு, பெயர் மட்டும் கேளுங்கள். பாதி தட்டியதைப் போனிலேயே சேமித்து வைக்க முடியும், அந்த நிரலை நான் அனுப்புகிறேன்.

உதகை_பழைய_வாசகர்:
குன்னூர்த் தம்பி சொன்னதைச் சரி செய்யுங்கள். ஆனால் அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். பக்கத்தின் ஓரத்தில் வாசகர் எழுதுவது பழைய ஆசை. 1993இல் வந்த மொசைக் உலாவியிலேயே குறிப்பு எழுதும் வசதி இருந்தது. இணையப் பக்கங்களின் மேல் குறிப்பு ஒட்டும் தேர்ட் வாய்ஸ் 1999இல் வந்து 2001இல் மூடியது. கூகுளும் 2009இல் சைட்விக்கி என்று அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து 2011இல் நிறுத்தியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஆள் சேரவில்லை.

சாதாரணக் கருத்துப் பகுதியின் கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி 2016 ஆகஸ்டில் தன் தளத்தில் கருத்துப் பகுதியை மூடியது. அதற்கு முந்தைய ஜூலையில் தளத்துக்கு வந்தவர்கள் சுமார் 3.3 கோடி பேர். கருத்துகள் 4,91,000. ஆனால் எழுதியவர்கள் 19,400 பேர்தான், அதாவது 0.06 சதவீதம். இந்த விகிதத்தில் உங்கள் வாசகர் கூட்டத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார். அந்தப் பெண்ணிடம் இதை அவசியம் சொல்லுங்கள். கருத்து வராததற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

பத்தி ஓரக் குறிப்பு நன்றாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: வெளியிடுவதற்கு முந்தைய பிரதி. கூகுள் டாக்ஸில் நண்பர்கள் எழுதிக் கொடுப்பது அதுதான். எழுதியவர் கேட்டிருக்கிறார், சொன்னால் இன்னும் மாற்ற முடியும், படிப்பவரும் சம்மதித்து வந்திருக்கிறார். வெளியான கதையில் இந்த மூன்றும் இல்லை. அங்கே பத்தி பத்தியாகச் சொல்ல வாசகருக்கு என்ன இருக்கிறது? அவர் மனதில் நிற்பது முழுக் கதை.

கூடலூர்_லைன்_பொண்ணு:
நான் உங்கள் தளத்தைப் படிக்கிறவள்தான் அக்கா, ஒரு தடவையும் எழுதியதில்லை. காரணம் சொல்கிறேன். கொழுந்துக் கூடைக் கதையைப் படித்து அழுதேன். என் தாத்தா 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் வீட்டிலும் அதே கூடை, அதே தலைக்கயிறு. ஆனால் அதை என் பெயரில் எழுதினால் தோட்டத்தில் எந்த டிவிஷன், யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம், ஒருவர் கதைக்கு எழுதி இன்னொருவர் கதைக்கு எழுதாவிட்டால் மனஸ்தாபம். பத்திக்குப் பத்தி எழுதச் சொல்வது பரீட்சைத் தாள் திருத்தச் சொல்வது மாதிரி இருக்கிறது, அந்தத் தகுதி எனக்கு இல்லை என்று மூடிவிடுவேன். கதை எழுதிய அந்த அக்காவுக்கு மட்டும் நேராகப் போகும் என்றால் எழுதுவேன்.

பழைய_பதிவர்_கொடைக்கானல்:
2004க்குப் பிறகு, தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி இருந்த காலத்தில் பின்னூட்டம் கொட்டியது. அதில் கடைசியாக மறுமொழி வந்த இடுகைகளைத் தனியாகக் காட்டினார்கள். நாம் ஒரு வரி எழுதினால் அந்தப் பதிவு மறுபடி முன்னால் வரும், பத்துப் பேர் பார்ப்பார்கள், பதிவர் வந்து பதில் சொல்வார். இன்றைக்குப் பிரதிலிபி கதைத் தளத்தில் தொடர்கதைகளுக்குக் கருத்து வருவதும் இப்படித்தான்: அடுத்த பாகம் வரப்போகிறது, எழுத்தாளர் படிப்பார் என்று வாசகருக்குத் தெரியும். உங்கள் தளத்தில் எழுதினால் ராத்திரி வரை காத்திருக்க வேண்டும், எழுதியவருக்கும் தெரியாது. யாரிடம் பேசுவது?

கோத்தகிரி_வாசிப்பு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கூடலூர்த் தங்கச்சி எழுதியதை அப்படியே அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். லாகினை எடுத்தாச்சு. பத்திக் குறிகளைப் பிரதி பார்க்கும் குழுவுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம், அங்கே நன்றாகப் போகிறது. கதையின் முடிவில் இப்போது "எழுதியவருக்கு மட்டும்" என்று ஒரு பெட்டி. குரல் பதிவும் அனுப்பலாம். மடல்கள் வருகின்றன, பெரும்பாலும் குரலில்தான், நிறையப் பேர் பெயர் போடுவதில்லை. பொதுவில் எழுதும் பகுதி இன்னும் ஏறக்குறைய காலிதான்.

ஒரு சந்தேகம்: குரல் பதிவு பெரிதாக இருந்தால் சிக்னல் இல்லாத இடத்தில் பாதியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

குன்னூர்_கணினி:
பதிவை ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவத்தில் சேமியுங்கள், பேச்சுக்கு 16 கேபிபிஎஸ் தாராளம். ஒரு நிமிடம் சுமார் 120 கேபிதான் வரும். துண்டு துண்டாக அனுப்பி, சிக்னல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்யலாம். நிரலை நாளைக்குப் போடுகிறேன்.