ராணுவப் பொறியாளரா, அரண் பொறியாளரா?

நண்பர்களே,

ஹுவான் மக்கென்னா பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. அயர்லாந்தின் கிளாகரில் 1771-இல் பிறந்து, பார்சிலோனாவில் கணிதம் படித்து, ஸ்பானியப் படையில் சேர்ந்தவர்; பின்னாளில் சிலியின் விடுதலைக்காக அந்த ஸ்பெயினையே எதிர்த்தவர். அவர் தொழிலுக்குப் 'படைப்பொறியாளர்' என்று போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவி குறிப்பேட்டில் 'படைப்புப் பொறியாளர்' என்று எழுதியிருந்தாள். காதில் அப்படித்தான் விழுகிறது.

*

> 'ராணுவப் பொறியாளர்' என்றால் எல்லாருக்கும் புரியுமே.

ராணுவம் தெலுங்கு வழி வந்த சொல். 'படை' இருக்க அது எதற்கு? கேட்டால் படையும் வேண்டாம் என்பேன். பொறி என்பதே போர்க்கருவிதான். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல், தானே அம்பு எய்யும் வளைவிற்பொறி நிற்கிறது. பொறியாளரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் 'இன்ஹெனியெரோ'வும் முற்றுகைக் கருவியிலிருந்து வந்ததே. வெறும் 'பொறியாளர்' போதும்.

*

ஐயா, பொறியாளர் என்றால் இன்றைய பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்திருப்பவரைத்தான் நினைப்பார்கள். மக்கென்னாவின் வேலை மண்ணோடு. 1814 மார்ச் 20 அன்று, சிலியின் இத்தாத்தா ஆற்றோரம் மெம்பிரில்லாரில், குவித்த மண்ணுக்குப் பின்னால் நின்றுதான் ஸ்பானியத் தரப்புத் தளபதி கய்ன்சாவின் படையைத் திருப்பி அடித்தார். 'அரண் பொறியாளர்' என்பதே பொருந்தும்.

*

அரண் + பொறியாளர் வேற்றுமைப் புணர்ச்சி. மட்பாண்டம் போல 'அரட்பொறியாளர்' என்றல்லவா வரும்?

*

மண்பாண்டம் என்றும் எழுதத்தானே செய்கிறோம்? இடம் விட்டு எழுதினால் யாரும் தடுமாறமாட்டார்கள்.

*

அனைவருக்கும் நன்றி. நான்கு பேர் ராணுவம், இரண்டு பேர் அரண். 'ராணுவப் பொறியாளர்' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'அரண் கட்டுவதில் தேர்ந்தவர்' என்று சேர்க்கிறேன்.

அப்புறம், இன்னொன்று. 1814 நவம்பர் 21 அன்று புவெனஸ் ஐரெஸில் சிலிப் படை அதிகாரி லூயிஸ் கரேராவுடன் மோதி இறந்தாரே, நேரம் குறித்து, சாட்சி வைத்து, துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கும் அந்தச் சண்டைக்கு என்ன சொல்வது? 'துவந்த யுத்தம்' என்றால் பிள்ளைகள் பீமனைத்தான் நினைப்பார்கள்.

*

'எதிர்நிலைச் சண்டை' என்று வைக்கலாம். ஆனால் முந்தையதில் என் வாக்கு இப்போதும் அரணுக்கே.