கேனரி வார்ஃப் வங்கியில் மகளுக்கு ஐந்து நாள்: யாராவது வழிகாட்டுங்கள்

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். 12ஆம் ஆண்டு படிக்கும் மகளுக்கு, ஜூலையில் ஒரு முதலீட்டு வங்கியில் ஐந்து நாள் பணி அனுபவம் கிடைத்திருக்கிறது. வெஸ்ட் ஹாமில் ஜூபிலி ரயில் ஏறினால், பெரிய வங்கிகள் நிறைந்த கேனரி வார்ஃப் மூன்றாவது நிறுத்தம்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் எவரும் அந்தக் கட்டடங்களுக்குள் கால் வைத்ததில்லை.

இரவு பதினொரு மணிக்கும் சமையலறை மேசையில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை விரித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். கடன் பத்திரத்தின் விலை ஏறினால் அதன் வருவாய் வீதம் ஏன் இறங்குகிறது என்று எனக்கே விளக்கினாள். கூச்சம்தான் அவளுக்குத் தடை.

அந்தத் துறையில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது அவளுடன் அரை மணி நேரம் பேசுவீர்களா? வேலை மும்முரத்தில் இருப்பவர்களிடம் எப்போது கேள்வி கேட்கலாம், எக்செல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், பல்கலைக்கழக முதலாண்டில் ஸ்பிரிங் வீக்குக்கு (வங்கிகள் மாணவர்களுக்கு வசந்த காலத்தில் நடத்தும் குறுகிய அறிமுகப் பயிற்சி) விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவத்தை எப்படி எழுதுவது என்றெல்லாம் கேட்கக் காத்திருக்கிறாள். அக்காமார் பேசினால் இன்னும் மனம் திறப்பாள்.