வயோலா கொன்செர்ட்டோ: தனி வாத்தியம் ஏன் அமுங்குது?

கேள்வி — பாலைமரம் (கிளிநொச்சி)

வணக்கம். வயலின் படிப்பிக்கிறனான். இப்ப வயோலாவுக்கு (வயலின் மாதிரித்தான், ஆனால் பெரிசு, ஒலி தாழ்வு) ஒரு கொன்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியம் முன்னுக்கு நிற்க மற்றவை கூட வாசிக்கிற இசை, எழுதிக்கொண்டிருக்கிறன். மூன்று பகுதி, மொத்தம் 20 நிமிடம். கூட வாசிக்கிறது 6 வயலின், 2 செல்லோ (வயோலாவிலும் தாழ்ந்த ஒலி), ஆர்மோனியம், மிருதங்கம். முதல் பகுதி மாயாமாளவகௌளை ராகம், ரெண்டரைக் கட்டை (ஸட்ஜம் டி ஷார்ப்), ஆதி தாளம். நடுப்பகுதிக்கு எங்கட பக்கத்து அருவிவெட்டு (நெல் அறுவடை) பாட்டு மெட்டொன்று. வயலின்காரர் எல்லாரும் கர்நாடக முறையில ஸ-ப-ஸ-ப சுருதி சேர்ப்பவை. அதில பாதிப்பேருக்குச் சுரம் எழுதினால்தான் வாசிக்க வரும்.

ஒத்திகையில வயோலா கேக்குதேயில்லை. மற்றவையை மெதுவா வாசிக்கச் சொன்னாலும் அதே கதைதான். வயலினில சுகமா விழுற இரட்டைத் தந்திப் பிடிகளும் வயோலாவில இறுகுது. எங்கயிருந்து திருத்தத் தொடங்கிறது?

பதில் 1 — கனகராயன்

மெதுவா வாசிக்கச் சொல்லித் தீராது. சத்தம் கூடினதாலை வந்த பிரச்சினை இல்லை இது, எல்லாரும் ஒரே இடத்தில நிற்கிறதாலை வந்தது.

மேலைநாட்டு முறையில வயலினின் நாலு தந்தியும் அடியிலயிருந்து ஜி-டி-ஏ-ஈ. அதையே ரெண்டரைக் கட்டைக்கு ஸ-ப-ஸ-ப எண்டு இறக்கினால் மேல் ஈ தந்தி ஏ ஷார்ப்புக்கு வரும், அடித்தந்தி ஜி-யிலயிருந்து டி ஷார்ப்புக்குப் போகும். அப்ப வயலினின் திறந்த தந்திகள் வயோலாவின் அடி சி-க்கும் மேல் ஏ ஷார்ப்புக்கும் நடுவில வந்து நிற்குது. அது முழுக்க வயோலாவின்ர வீடு. 6 வயலின் அதே வீட்டுக்குள்ள நிண்டு வாசிச்சால் ஒரு வயோலா எங்க கேக்கும்? ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியும் அங்கதான். அதின்ர நாக்கு, காற்றுப் போகுமட்டும் தேயாமல் ஒரே அளவில ஒலிக்கும். மறைக்கிறதில அதுதான் முதல் ஆள்.

ஜெர்மன்காரர் பவுல் ஹிண்டமித் தானே வயோலா வாசிச்ச இசையமைப்பாளர். 1935இல் பழைய ஜெர்மன் நாட்டுப்பாடல்களை வைத்து ‘டெர் ஷ்வானென்ட்ரேயர்’ எண்ட வயோலா கொன்செர்ட்டோவை எழுதேக்க ஓர்க்கெஸ்ட்ராவிலயிருந்து வயலினையும் வயோலாவையும் முழுசா எடுத்துப்போட்டார். தந்தி வாத்தியம் எண்டு விட்டது 4 செல்லோவும் 3 டபுள் பேஸும்தான். வில்லியம் வால்டனின் வயோலா கொன்செர்ட்டோவை 1929இல் முதலில வாசிச்சதும் அவர்தான். அதின்ர வாத்தியங்களை வால்டன் 1961இல் குறைச்சு எழுதி, ஹார்ப் சேர்த்தார். அருவிவெட்டுப் பாட்டை வைக்கப்போற உங்களுக்கு ஹிண்டமித்தின்ர இசைப்பிரதி கட்டாயம் பாக்கவேண்டியது.

செய்யவேண்டியது: 3 வயலினை ஜி-டி-ஏ-ஈ-க்கு மாத்தி, வயோலா வாசிக்கேக்க அதுக்கு ஒரு ஸ்தாயி மேல எழுதுங்கோ. மற்ற 3 வயலினும் அந்த நேரம் வில்லை விட்டு விரலால மீட்டட்டும். மீட்டின ஒலி உடன தேய்ஞ்சு போறதாலை நீண்ட வில்லுக்கு இடம் கிடைக்கும். செல்லோ ரெண்டையும் அடி ரெண்டு தந்தியில வையுங்கோ. ஆர்மோனியம் வயோலா ஓய்கிற இடத்தில மட்டும். வயோலா தன்ர அடி சி தந்திக்கு இறங்கினால் செல்லோவும் நிண்டுவிட வேணும், மிருதங்கம் மட்டும் போதும். அந்தத் தந்தி பேசத் தொடங்கவே கொஞ்சம் நேரம் எடுக்கும். அதில விறுவிறுப்பான சுரக்கோர்வை எழுதினால் தெளிவு வராது.

பதில் 2 — சுருதிப்பெட்டி

கனகராயன் அண்ணை சொன்னதோட கட்டையையும் பாருங்கோ. வயோலாவின் திறந்த தந்தி சி-ஜி-டி-ஏ. ரெண்டரைக் கட்டை மாயாமாளவகௌளைக்குள்ள அதில ஜி காந்தாரமா வரும், டி நிஷாதமா வரும், மற்ற ரெண்டும் ராகத்திலேயே இல்லை. ஸட்ஜமும் பஞ்சமமும் தொடாத தந்திகளாலை வாத்தியம் அதிர்ந்து துணை நிற்காது.

அரைக்கட்டை இறக்கி ரெண்டுக்கு வந்தால் டி ஸட்ஜம், ஏ பஞ்சமம், ஜி சுத்த மத்தியமம். மூன்று தந்தி திறந்து ஒலிக்கும். மிருதங்கத்தை அரைக்கட்டை இறக்கிறது பெரிய வேலையில்லை. செல்லோவும் அதே எழுத்துகளில ஒரு ஸ்தாயி கீழ இருக்கிறதாலை அதுவும் சேர்ந்து அதிரும். வேற பகுதிக்கு ராகம் தேடினால், ஒரு கட்டைக் கல்யாணியில நாலு தந்தியும் ஸ, ப, ரி, த எண்டு உள்ள வரும். ரெண்டு கட்டைக் கரகரப்பிரியாவிலும் அப்பிடித்தான்: நி, ம, ஸ, ப.

மொசார்ட் 1779இல் வயலினுக்கும் வயோலாவுக்கும் சேர்த்து எழுதினதில (மொசார்ட் படைப்புப் பட்டியலில கே. 364) வயோலாவை அரைச்சுரம் ஏத்திச் சுருதி சேர்க்கச் சொன்னதும் இந்தத் திறந்த தந்திக்காகத்தான். நீங்களும் ஏத்தி ரெண்டரையிலேயே நிற்கலாம். ஆனால் தந்தியைத் தாங்கிற குதிரையில அழுத்தம் கூடும், ஆடி ஆவணி வெக்கையில மேல் தந்தி அறும். இறக்கிறதுதான் நல்லது.

பிடி இறுகிறது தந்தி நீளத்தாலை. வயலினில அது ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர், 16 அங்குல வயோலாவில 37½ பக்கம். முதல் நிலையில ஒண்டாம் விரலும் நாலாம் விரலும் பிடிக்கிற ஸ்தாயி இடைவெளி வயலினில 7.4 எண்டால் வயோலாவில 8.4. அந்த ஒரு சென்ரிமீற்றரை சுண்டுவிரல்தான் தாங்கவேணும். கீழ்ச்சுரத்தைத் திறந்த தந்தியில வைத்து எழுதினால் தீரும். நீண்ட கம்பிதத்தை (சுரத்தை அசைக்கிறது) ஏ, டி தந்திகளுக்குக் குடுங்கோ. சி தந்தியில ஜாரு (சுரத்துக்குச் சுரம் வழுக்கிறது) அழகு, கம்பிதம் கனக்கும்.

பதில் 3 — முறிகண்டி

எழுத்துப்பிரதி பற்றி. ரெண்டு வகை எழுதவேணும், ஆனால் எண் ஒண்டா இருக்கவேணும். ஐந்துகோட்டுப் பிரதியில 4/4 பார் ரெண்டு சேர்ந்தால் ஆதியில ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின்ர ஒரு முழுச் சுற்று, 8 அட்சரம்). பாருக்கு எண் போடாமல் ரெண்டு பிரதியிலும் ஆவர்த்தனத்துக்கே போடுங்கோ. இல்லையெண்டால் ‘இருபதிலயிருந்து’ எண்டு சொல்ல, பாதிப்பேர் பத்திலயிருந்து தொடங்குவினம். நிமிடத்துக்கு 60 அட்சரம் எண்டால் ஒரு ஆவர்த்தனம் 8 விநாடி, 7 நிமிடப் பகுதிக்கு 52 ஆவர்த்தனம் போதும். வயோலாவுக்கு ஆல்ட்டோ கிளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் எண்டு சொல்ற குறி), நடுக்கோடு நடு சி. 4 ஆவர்த்தனத்துக்கு மேல ஓய்வு வந்தால், திரும்ப வர முன்னம் கேக்கிற வாத்தியத்தின் சுரத்தைச் சின்ன எழுத்தில குடுங்கோ. காடென்சாவையும் (தனி வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடம்) சுரம் சுரமா எழுதிவிடுங்கோ. உங்கட கைக்குத் தெரிஞ்சது இன்னொருத்தர் கைக்குத் தெரியாது.

வாசிப்பாளர் எழுதுறதில ஒரு ஆபத்து இருக்கு. விரல் பழகின பாதையைத்தான் பேனாவும் எடுக்கும். செல்லோ வரியை வாத்தியம் தொடாமல் பாடி முதலில எழுதி, அதுக்கு மேல வயோலாவைக் கட்டிப் பாருங்கோ. பெர்லின் பில்ஹார்மோனிக்கில வயோலா வாசிச்ச பிரெட் டீன் 2004இல் எழுதின வயோலா கொன்செர்ட்டோவையும் கேளுங்கோ, கூட வாசிக்கிற கூட்டம் எப்ப ஒதுங்குது எண்டு கவனிச்சு.

பாலைமரம்

நன்றி எல்லாருக்கும். ரெண்டு கட்டைக்கு இறக்கிறன். மண்டபம் தகரக் கூரை, பக்கச்சுவர் பாதிதான். மைக் வைக்கலாமோ?

கனகராயன்

வைக்கத்தான் வேணும் தம்பி, அரைச்சுவர் ஒலியைத் திருப்பித் தராது. கண்டென்சர் மைக் ஒண்டு, வயோலாவின் மேற்பலகைக்கு 40 சென்ரிமீற்றர் உயரத்தில, வில்லுக்கு முட்டாமல். கழுத்தில கொழுவிற பாட்டு மைக் வேண்டாம், மூக்கால பேசினமாதிரி ஒலிக்கும். ஆர்மோனியத்துக்கு மைக்கே வேண்டாம். ஜெனரேற்றரைக் காத்துப் போற பக்கம் தள்ளி வையுங்கோ. ஐப்பசியிலயிருந்து மார்கழிக்குள்ள நாள் குறிக்காதேங்கோ, தகரத்தில மழை விழுந்தால் எந்த மைக்கும் உதவாது. பங்குனிக்கு வைத்தால் பிருடையும் (தந்தி முறுக்கிற ஆணி) ஊறாமல் நிற்கும்.