ஓ.பி.டி.யில் (ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில்) மனசுக்கு வைத்தியம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மேல்டிவிசன் மலர்:
தலைவலி, நெஞ்சு அடைப்பு, கை நடுக்கம். பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். வீட்டுக்காரர் கொழும்பில் ஹோட்டல் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், மாமியாரும் நானும் பிள்ளையும்தான். ஓ.பி.டி.க்குப் போகும்போதெல்லாம் பனடோலும் விற்றமினும் கொடுத்து அனுப்பினார்கள். உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

அன்றைக்கு இருந்தது ஒரு புது டொக்டர். சின்ன வயசு, சிங்களப் பிள்ளை. என் முகத்தைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். எனக்கு முழுசாக விளங்கவில்லை. கதவடியில் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்த அட்டென்டனை உதவிக்குக் கூப்பிட்டார். அவர் நின்ற இடத்திலிருந்தே, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சாகணும்னு நெனப்பு வருதான்னு டொக்டர் கேக்குறாங்க. வருதா, இல்லையா?" என்றார். எனக்குப் பின்னால் நின்றது லயத்தில் எங்கள் பக்கத்து அறை, அடுத்த காம்பராக்காரி. அவளுக்குப் பின்னால் எங்கள் கங்காணியின் மனைவி.

"இல்ல" என்றேன்.

டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் இன்னொரு விதமாகக் கேட்க அவரிடம் தமிழ் இல்லை, வெளியே சனம் சத்தம் போடுகிறது. அந்த முகம்தான் இன்றைக்கும் மனசில் நிற்கிறது. அத்தனை பேரில் சரியான கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான். அதற்குப் பதில் சொல்ல ஒரு கதவு இல்லை.

தேயிலைப்பையன்:
எங்கள் அப்பாவுக்கும் நெஞ்சுதான். ஈ.சி.ஜி. நல்லா இருக்கு, பிரஷர் நல்லா இருக்கு, ஒன்றும் இல்லை என்று அனுப்புவார்கள். ஒன்றும் இல்லாத மனுஷன் விடியக்காலை மூன்று மணிக்கு எழும்பி வாசற்படியில் உட்கார்ந்திருப்பாரா? வேலையை விட்டு நின்ற பிறகு தொடங்கியது. வேலை செய்த வருஷங்களுக்குக் கிடைக்க வேண்டிய சர்வீஸ் காசும் இழுபட்டுக்கொண்டே போனது.

கடைசியில் ஒரு டொக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். "பேரப்பிள்ளையோட விளையாடுறீங்களா ஐயா?" என்று கேட்டதும் அப்பா அழுதுவிட்டார். மனநல கிளினிக்குக்குத் துண்டு கிடைத்தது. கிளினிக் நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட் வரைக்கும் வந்து, போர்டைப் படித்துவிட்டு, "என்னைய அங்கொடைக்கு அனுப்பப் பாக்குறியா?" என்று நடுரோட்டில் கேட்டார். அங்கொடை என்றால் கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநல ஆஸ்பத்திரி. என் அப்பா என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

திரும்ப அதே டொக்டரிடம் போனோம். "சரி, அங்க போக வேணாம், என்கிட்டயே வாங்க" என்று ஓ.பி.டி.யிலேயே மனச்சோர்வுக்கான ஃப்ளூஒக்செடின் மாத்திரை தொடங்கினார். ஒரு கிழமை போனதும் "இது வேலை செய்யல" என்று அப்பா நிறுத்திவிட்டார். வேலை செய்ய நாள் எடுக்கும் என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ரீச்சர் அக்கா:
மலர் தங்கச்சி, உங்கள் கதையைப் படிக்கிறவர்கள் எல்லாரும் அந்த அட்டென்டனைத்தான் திட்டப்போகிறார்கள். அது நியாயம் இல்லை. எனக்கு ஸ்கூலில் வைத்தே மூச்சு முட்டி, கை கால் விறைத்து, ஓ.பி.டி.க்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த அட்டென்டன் அம்மா கதவைச் சாத்தினார், மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னார், என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து டொக்டர் கேட்டதைத் தணிந்த குரலில் சொன்னார். அது அவர் வேலையே இல்லை. தரை துடைக்கவும் நம்பர் கூப்பிடவும் எடுத்த ஆள். தமிழ் 1987இல் இருந்து இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. பாஷை தெரிந்த ஆளை அந்த அறையில் வைக்க வேண்டிய பொறுப்பு அட்டென்டனுக்கா?

தம்பிக்கும் ஒன்று. போர்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை. முன்கூட்டியே அப்பாவிடம் விளக்கமாகச் சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்.

தேயிலைப்பையன்:
ரீச்சர், அங்கொடை என்ற அந்த வார்த்தையைச் சொல்லிப் பயங்காட்டித்தான் அவரை வளர்த்தார்கள், என்னையும் வளர்த்தார்கள். ஒரு பஸ் பயணத்தில் விளக்கி முடிகிற பயம் இல்லை அது.

பழைய டிஸ்பென்சர்:
தோட்ட டிஸ்பென்சரியில் நான் வேலை பார்த்த காலத்தில் என் மனைவிக்கே இந்த மனச்சோர்வு வந்தது. மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில். அவளுக்குக் கொடுக்க அந்த அலமாரியில் ஒன்றும் இல்லை. கண்டிக்குக் கூட்டிப்போனேன், சுகமானாள்.

பிள்ளைகளே, சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாத்திரைகள் பனடோல் மாதிரி அரை மணியில் கேட்காது. இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். முதல் நாட்களில் வயிறு குமட்டும், கொஞ்சம் படபடப்பாகவும் இருக்கும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். கூடினால் டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகமான பிறகும் பல மாதம் போட வேண்டியிருக்கும், குறைப்பதும் படிப்படியாகத்தான். சாராயத்தோடு சேர்க்கவே கூடாது.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு இரத்தம் குறைந்தாலும் தைரொய்ட் குறைந்தாலும் இதே அசதியும் சோர்வும் வரும். அதனால் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பாஷை தெரியாத இடத்துக்கு உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போங்கள். பெற்ற பிள்ளையைக் கூட்டிப்போய் அம்மாவின் மனசைச் சொல்ல வைக்காதீர்கள், அந்தப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. வாயால் சொல்ல முடியாததை எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுக்கலாம். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் என்ன மாத்திரை, எவ்வளவு என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. உயிரை மாய்க்க முயன்றதாகச் சொன்னால் பொலிஸ் பிடிக்கும் என்று இன்னமும் பயந்து டொக்டரிடம் மறைக்கிறார்கள். அந்தச் சட்டத்தை 1998இலேயே எடுத்துவிட்டார்கள். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம்.

மூனாம் நம்பர் மலை:
ஐயா சொன்னது எல்லாம் சரி. பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போகுமே? கிளினிக் வைப்பது வேலை நாளில். 2024இல் அடிப்படைச் சம்பளத்தை 1350 ரூபாய் ஆக்கினார்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை, அதற்கு மேல் பஸ் காசு. நான் மாசாமாசம் போகிறவள். அடுத்த நாள் பெரட்டில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் "நேத்து எங்க போன?" என்று கேட்பார்கள். பிரஷர் கிளினிக்குக்குப் போனவள் பிரஷர் என்கிறாள், சீனிக்குப் போனவள் சீனி என்கிறாள். நான் பல்லு வலி என்கிறேன். ஒரு தடவை கூட்டத்தில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போகக் கால் வரவில்லை. மருந்து விட்டுப்போய், பழையபடி காம்பராவுக்குள்ளேயே கிடந்தேன். மருந்தை ஒழுங்காகப் போடு என்று சொல்கிறவர்கள் அந்தப் பெரட்டில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

கொஸ்லந்தை:
2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை மண்சரிவு. பெயரைச் சொன்னாலே போதும், எல்லாருக்கும் தெரியும். எங்கள் லயத்தை மண் மூடவில்லை, சொந்தக்காரர்களை மூடியது. அதற்குப் பிறகு மழை என்றால் எனக்கு வயிறு எரியும், தொண்டை அடைக்கும். கேஸ்ட்ரிக் என்றே மருந்து எடுத்தேன், வருஷக்கணக்காக.

ஒரு நாள் ஓ.பி.டி.யில் ஸ்டூலில் உட்கார்ந்து கேஸ்ட்ரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் மழை விழுந்தது. எனக்கே தெரியாமல் எழும்பி நின்றுவிட்டேன். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த துண்டைத் தள்ளி வைத்தார். கதிரையை என் பக்கம் திருப்பினார். "அம்மா, மழைக்கா?" என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் போலிருக்கிறது. மண்சரிவை அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் எனக்குச் சரியான வைத்தியம் தொடங்கியது.

மேல்டிவிசன் மலர்:
ரீச்சர் அக்கா, அந்த அட்டென்டன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பின்னால் எவ்வளவு வரிசை என்று நானும் பார்த்தேன்.

எழுதிக் கொடுக்கலாம் என்று ஐயா சொன்னாரே, எனக்கு நடந்தது அதுதான். பிள்ளைக்கு ஊசி போடப் போன கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் ஒரு தாள் கொடுத்தார். 10 கேள்வி, தமிழில். கடைசிக் கேள்வி அதே கேள்விதான். அட்டென்டன் சத்தமாகக் கேட்டது, இங்கே பேப்பரில் சத்தம் இல்லாமல் இருந்தது. பெட்டியில் கோடு போட்டேன். மிஸ் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார், அன்றைக்கே பெரிய டொக்டரிடம் கூட்டிப்போனார். பால் கொடுக்கும்போது போடக்கூடிய மாத்திரை தந்தார்கள். இப்போது பரவாயில்லை. பிள்ளை நடக்கிறான்.

தேயிலைப்பையன்:
அக்கா, எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கும் அப்படி ஒரு தாள் இருக்கா?

பழைய டிஸ்பென்சர்:
இருக்கிறது தம்பி. பி.எச்.கியூ. 9 என்று கேளுங்கள். 9 கேள்வி, கடந்த இரண்டு கிழமை எப்படி இருந்தது என்று. தமிழிலும் உண்டு. அந்த ஓ.பி.டி. டொக்டரிடமே கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியும்தானே?

தேயிலைப்பையன்:
தெரியும் ஐயா. ஞாயிற்றுக்கிழமை பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பார். திங்கட்கிழமை லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன்.